வாணிகமும் மனத்தை வயப்படுத்தும் கலையும்

பண்டத்தைக் காட்டி விலை கூறுவதோடு வாணிகம் முடிவதன்று. கொள்வோன் உள்ளத்தை இசைவித்தலும் அதன் கூறேயாம். இவ்விசைவிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளநூலறிஞர் ராபர்ட் சியால்டினி என்பார், 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதற்குரிய நெறிகள் ஆறென வகுத்தார். பெற்றதற்குக் கைம்மாறு செய்ய விழைதல், ஒருமுறை துணிந்ததை விடாது பற்றுதல், பலர் செய்வதைத் தாமும் செய்தல், விரும்பப்படுவார்க்கு இணங்குதல், மதிக்கப்படுவாரை நம்புதல், அரியதென்பதை அவாவுதல் என்பன அவை. உற்று நோக்குங்கால் இவற்றுள் ஒன்றேனும் குற்றமன்று. நன்றியும் வாய்மையும் அயலாரோடு ஒத்து நடத்தலும் இல்லையேல் ஓர் ஊர் ஊராகாது. எனவே இக்கலை தீயோர் கைப்படுங்கால், அது நம் தீக்குணங்களைப் பற்றியிழுப்பதினும் நற்குணங்களையே பற்றி இழுக்கின்றது. இதனையே ஈண்டு வற்புறுத்த விழைகின்றேன்.

இதற்குச் சான்று நம் கொங்கு நாட்டிலேயே உண்டு. பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு பண்ணை என்னும் நிறுவனமும், அதனை ஒத்த பிறவும், ஆஸ்திரேலியப் பறவையாகிய ஈமுவை வளர்ப்பார்க்குப் பெருவருவாய் உண்டென்று விளம்பரஞ் செய்தன. ஒன்றரை இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை கட்டினார்க்குப் பறவைகளும் தீவனமும் மாதந்தோறும் 6,000 ரூபாயும் அளிப்பதாகக் கூறப்பட்டது. ஆண்டொன்றிற்கு 72,000 ரூபாய். அஃதாவது கட்டிய பணத்தில் ஏறக்குறையப் பாதி! திரைப்பட நடிகர் விளம்பரங்களில் தோன்றினர். தொடக்கத்தில் பணம் தவறாது வந்தது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அனைத்தும் சரிந்தன. உழவர் முதலை இழந்தனர். பறவைகளோ தீவனமின்றிப் பட்டினியால் மடியலாயின.

"பேராசையால் கெட்டனர்" என்று கூறி அமைவார் பலர். அவர் கூற்று எளிது. ஆயின் முற்றும் உண்மையன்று. பொங்கலூர், பல்லடம், உடுமலைப் பக்கங்களில் ஒப்பந்த முறையிற் கறிக்கோழி வளர்த்தல் நெடுநாளாக நடைபெறுவது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் தரும். உழவர் கொட்டகை அமைத்து வளர்ப்பர். வளர்ந்தவற்றை நிறுவனமே கொண்டுபோய் வளர்ப்புக்கூலி கொடுக்கும். நேர்மையான இத்தொழிலின் உடையையே ஈமுத் தொழிலும் உடுத்து வந்தது. பழகிய வழியென்று கருதியன்றோ மக்கள் அதில் நடந்தனர்! அயல்தோட்டத்தில் பறவை நின்றது; அயலார்க்குப் பணமும் வந்தது. கண்ணாற் கண்டதை நம்புதல் பேராசையோ?

கேளாது விடப்பட்ட வினா ஒன்றே: இவ்விறைச்சியை உண்பார் யார்? கறிக்கோழிக்கு ஊர்தோறும் சந்தை உண்டு. ஈமுவின் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் அத்தகைய சந்தை இல்லை. புதிதாகப் பணங்கட்ட வருவாரே உண்மையில் அதன் சந்தையாயினர். அவர் வரவு குன்றிய அன்றே தொழிலும் குன்றியது. நடிகரின் முகமும், அயலாரின் வருவாயும், மாதப்பணமும் இவ்வொரு வினாவை மறைக்கும் திரையாய் நின்றன.

அங்ஙனமாயின் மனத்தை இசைவித்தலை வாணிகத்தினின்று அறவே நீக்கலாமோ? நீக்கல் இயலாது; வேண்டுவதும் அன்று. திருப்பூர்ப் பின்னலாடை வணிகர் ஒருவர் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, நூலின் தரத்தையும் சாயத்தின் உறுதியையும் எடுத்துரைப்பாராயின், அவரும் மனத்தை இசைவிப்பவரே. வேறுபாடு யாதெனின், அவர் சொல் கொள்வோனை ஆராயத் தூண்டுகின்றது. வஞ்சகன் சொல் ஆராய்ச்சியை நிறுத்துகின்றது. "இன்றே முடிவு, நாளை கிடையாது" என்பதும், இல்லாத விலையை எழுதி அடித்துக் குறைத்துக் காட்டுதலும் இரண்டாம் வகையின. விற்பவன் தான் கையாளும் உபாயத்தைக் கொள்வோனுக்கு வெளிப்படையாகக் கூறினும் அவ்விற்பனை நிலைக்குமாயின் அது நேரியது. கூறிய அளவிலே குலையுமாயின் அது வஞ்சனை. இதுவே யான் கொள்ளும் உரைகல்.

சட்டமும் இந்நெறிக்கு வந்துள்ளது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்திற்குத் துணைநின்று பரிந்துரைப்பார்க்கும் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகின்றது. இணைய வணிகத்தில் கொள்வோரை மயக்கும் உபாயங்கள் பதின்மூன்றனை 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு பெயர்சுட்டி விலக்கியது. எனினும் சட்டம் பெரும்பாலும் இழப்பு நேர்ந்த பின்னரே வருவது. நம் முன்னோர் இதனை அறமாகவே கொண்டனர். கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இன்றி வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலன்றோ வைத்தார்! கள்ளத்தராசினை வேதம் வெறுப்பதும் இது பற்றியே. கல்லும் இரும்பும் கொண்ட தராசை மட்டுமன்று, சொல்லாலாகிய தராசையும் அது குறிக்குமென்று கொள்வதில் இழுக்கில்லை.

வணிகவியல் பயிலும் நண்பர்காள்! இக்கலையை நீவிர் கற்பீர், கற்கவும் வேண்டும். நாளை உம் சொற்கேட்டுத் தம் சேமிப்பை எடுத்து வருவார், தறியோட்டியும் தோட்டத்தில் உழைத்தும் அதனைச் சேர்த்தவர். அவர் வாயில் எழவேண்டிய வினாவை நீவிரே எழுப்பி விடையுங் கூறுமின். அவ்வாறு கூறியும் விற்கக்கூடியதே விற்கத் தக்க பண்டம்.