கோலகுபு பாரு மலைச்சாலையும் நம் பிள்ளைகளின் கட்டுரைகளும்



‘நான் சென்ற சுற்றுலா’ என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்களுள் பெரும்பாலோர் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகின்றனர். கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புகிறான். பறவைகள் இன்னிசை பாடுகின்றன. பச்சைப் பசேலென்ற மரங்கள் தலையசைத்து வரவேற்கின்றன. எழுதிய பிள்ளையை அழைத்து, “எந்த மரம்? எந்தப் பறவை?” என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அத்தேர்வுக்காக நாம் மனனம் செய்வித்த சொற்றொடர்கள் மட்டும் இன்னும் நீங்கவில்லை.

பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. கம்போங் மேடானின் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை சன்னல் வழியே காண்பது எதிர்மாடியின் துணிக்கொடியை. தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களாக இருப்பார்கள். பேரப்பிள்ளைக்கோ இரப்பர் மரத்தை அடையாளம் தெரியாது. தாயும் தந்தையும் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகும் வீட்டில் மலைப்பயணத்துக்கு எங்கே போவது? எஞ்சியிருப்பது பள்ளிச் சுற்றுலா ஒன்றுதான். அதையும் நாம் கேளிக்கைப் பூங்காவுக்கே கொடுத்துவிடுகிறோம்.

அந்த ஒரு நாளைக் கோலகுபு பாரு வழியாகப் பிரேசர் மலைக்கு ஏறும் சாலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கோலாலம்பூரிலிருந்து கோலகுபு பாரு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரவாங், செரண்டா, பத்தாங்காலி என்று பழைய சாலையிலேயே போகலாம். அங்கிருந்து மலையுச்சிக்கு இன்னும் 40 கிலோமீட்டர்.

“காட்டையும் ஏரியையும் பார்க்க என்ன இருக்கிறது?” என்று சில பெற்றோர் கேட்கின்றனர். இருப்பவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

கோலகுபு பாரு என்னும் பெயரில் ‘பாரு’ என்பது ‘புதிய’ என்று பொருள்படும். அப்படியானால் பழையது எங்கே? 1883-ஆம் ஆண்டு அக்டோபரில் அணை உடைந்து ஊரை வெள்ளம் அழித்தது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் மாண்டார். அவர் அணையில் வாழ்ந்த வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த கேடு என்று அவ்வூர் மக்கள் கதை சொல்வார்கள். (கதையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இதைக் கேட்டபின் உறங்கிவிடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.) பின்னரும் வெள்ளம் ஓயாததால் ஊரையே மேட்டுக்கு மாற்றினர். பழைய ஊர் இருந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது ‘உடைந்த அணை’ என்றே பெயர்.

ஊரைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் வலப்பக்கமோ இடப்பக்கமோ என்று பிள்ளைகள் தேட வேண்டியதே இல்லை. காட்டுக்கு நடுவே சிலாங்கூர் அணையின் ஏரி விரிந்து கிடக்கும். இந்த இடத்தில் பேருந்தை நிறுத்தி அரைமணி நேரமாவது பேச வேண்டும். ஏனெனில் இது நம் வீட்டுக் குழாயோடு தொடர்புடைய நீர். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றையே நம்பியுள்ளது. ஆற்றில் நீர் குறையும்போது இவ்வணையிலிருந்து திறந்து விடுகின்றனர்; கீழே பெஸ்தாரி ஜெயா பக்கம் அதை எடுத்துச் சுத்திகரிக்கின்றனர். 2020 செப்டம்பரில் ரவாங் அருகே தொழிற்சாலைக் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. அடுக்குமாடிப் படிகளில் வாளி தூக்கிய குடும்பங்களுக்கு அந்நாள்கள் மறந்திருக்காது. அந்த வாளிக்கும் இந்த ஏரிக்கும் உள்ள உறவைப் பாடநூல் படத்தால் விளக்க முடியுமா?

ஏரியின் அழகை மட்டும் காட்டித் திரும்புவதும் தகாது. இந்த அணைக்காகத் தெமுவான் பூர்வக்குடியினரின் பெர்த்தாக், கெராச்சி என்னும் இரு கிராமங்கள் இடம் பெயர்க்கப்பட்டன. நம் முன்னோர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடிழந்து நகரோரம் வந்து சேர்ந்தவர்கள். ஆகவே இச்செய்தியைப் பிறர் கதையாக நம் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்.

அதற்குமேல் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டது இச்சாலையில்தான். வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாக வரும் அவசரகாலம், இந்தக் காட்டின் அடர்த்தியைக் கண்டால்தான் விளங்கும். மலாயாவின் சாலைகளிலும் இருப்புப்பாதைகளிலும் கல்லுடைத்தவர்களுள் தமிழர் எத்தனை பேர் என்பதையும் அங்கேயே சொல்லலாம். உச்சியிலுள்ள மணிக்கூண்டும் தேநீரும் இனிமையானவைதாம். எனினும் இருவாய்ச்சி ஒன்று தலைக்கு மேல் இறக்கை ஓசையோடு பறந்துவிட்டால், வேறெதுவும் பிள்ளைகளின் நினைவில் நிற்காது.

பெற்றோரின் அச்சத்தை நான் இலேசாகக் கருதவில்லை. 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பத்தாங்காலி அருகே முகாம் தளத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் 31 பேர் மாண்டனர். அவர்களுள் ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் இருந்தனர். அந்தச் செய்தியைப் படித்த எந்த ஆசிரியராலும் மலை என்ற சொல்லை முன்போல் எளிதாகச் சொல்ல முடியாது. ஆதலால் ஆண்டிறுதி மழைக்காலத்தில் இப்பயணம் வேண்டவே வேண்டாம். இரவு தங்க வேண்டாம். ஆற்றில் இறங்க வேண்டாம். மேலே பெய்த மழை கீழே எந்த நொடியில் பெருக்காக வரும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. முதல்நாள் நல்ல மழை பெய்திருந்தால் ஏரியோடு திரும்பிவிடலாம். பாதிப் பயணத்திலேயே முக்கால் பாடம் முடிந்திருக்கும்.

செலவைப் பொறுத்தவரை நுழைவுச்சீட்டு வாங்கும் இடங்களைவிட இது குறைவே. பேருந்து வாடகையும் சோற்றுப் பொட்டலமும்தான். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்காகப் பைகளும் புளிப்பு மிட்டாயும் கட்டாயம் வேண்டும். முன்னிருக்கைகளை அவர்களுக்கே ஒதுக்கிவிடுங்கள். திரும்பி வந்த மறுநாள் கட்டுரை கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். கதிரவனின் பொற்கதிர்களுக்கு மட்டும் தடை விதித்துவிட்டு.