பெயரறிந்து பிடித்தல்

தூண்டிலிடுவதில் தேர்ந்தவர்கள் நாட்டில் பலர் உண்டு. பிடித்த மீன் இன்ன இனத்தது என்று ஐயமறச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. பிடிப்பது பொழுதுபோக்கு, இனங்காண்பது விஞ்ஞானியின் வேலை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டதே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் எவ்வளவு கேடு விளைவித்தது என்பதற்கு மைசூர் வட்டாரமே சிறந்த சான்றாகும்.

மைசூர் நகரின் நடுவே கடைவீதிகள் நெருங்கிய தேவராஜ மொஹல்லா அமைந்திருக்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவில், 1864-இல் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உண்டான குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. காலையிலும் மாலையிலும் மக்கள் உலாவச் செல்லும் இடம் அது. நகருக்கு வடக்கே காவிரியும் தெற்கே கபினியும் ஓடுகின்றன. இவ்விரண்டும் திருமகூடலு நரசீபுரத்தில் ஒன்றுகூடுகின்றன. இந்நதிகளில் வாழ்ந்த ஒரு மீன் தூண்டிற்காரர்களிடையே உலகப் புகழ் பெற்றிருந்தது. அதுவே திமில் கொண்ட மஹ்சீர்.

வேட்டை விலங்குகளைப் பாடஞ்செய்வதில் பெயர் பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் என்பவர், 1946-இல் கபினியில் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம், எடையுள்ள மஹ்சீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். அந்த எடை இன்றளவும் ஒரு சாதனையாகப் பேசப்படுகிறது. ஆனால் அத்துணைப் புகழ் வாய்ந்த அந்த மீனுக்குத் திட்டமான விஞ்ஞானப் பெயர் அந்நாளில் கிடையாது. வெவ்வேறு நூல்கள் அதனை வெவ்வேறு பெயர்களால் குறித்தன. 2018-இல்தான், தமிழ்நாட்டின் மோயாறு நதியில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுக்களையும் ஒப்புநோக்கிய ஆராய்ச்சியாளர்கள், அது 'டோர் ரெமதேவியை' என்னும் இனமே என்று முடிவு கண்டனர். கேரளத்தில் தோன்றிக் காவிரி மண்டலத்தில் கலக்கும் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு முன்னரே விவரிக்கப்பட்டிருந்த இனம் அது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர் கே. ரெமா தேவியின் பெயரால் அது வழங்குகிறது. பெயர் உறுதியான அதே ஆண்டில், உலகினின்று மறைந்துவிடும் பேராபத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். காவிரியின் வரலாறு இதற்கு விடை கூறும். அணைகள் மீன்களின் போக்குவரத்தைத் தடுத்தன. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் கொல்லும் கொடுமை பெருகியது. மஹ்சீர் குறையக் கண்டவர்கள் நல்லெண்ணத்துடனேயே ஒரு பரிகாரம் தேடினர். 1970-களில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தாரின் மீன் பண்ணையில் மஹ்சீர் குஞ்சுகளைச் செயற்கை முறையில் உற்பத்தி செய்யும் வழி கைகூடியது. அவ்வகைக் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை நீலச் செதிலுடைய 'டோர் குத்ரீ' என்னும் இனத்தவை. 1839-இல் புனாவை அடுத்த ஆற்றிலிருந்து, அதாவது கிருஷ்ணா நதி மண்டலத்திலிருந்து, விவரிக்கப்பெற்றவை. மஹ்சீர் என்ற ஒரே சொல் இரு வேறு இனங்களையும் மூடி மறைத்தமையால், விருந்தினரே வீட்டுக்காரராயினர்.

இவ்வுண்மை வெளிப்பட்டதும் தூண்டிற்காரர்களின் குறிப்பேடுகளாலேயே என்பது சிந்திக்கத்தக்கது. காவிரிக் கரை முகாம்களில் மீனைப் பிடித்து, எடை கண்டு, உயிருடன் மீண்டும் நீரில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரை அவர்கள் எழுதிவைத்த கணக்குகளை ஆராய்ந்தபோது, நீலச் செதில் இனம் பெருகியதும் திமில் கொண்ட இனம் அருகியதும் புலனாயின. குறிப்பெழுதியோர் இரண்டையும் பிரித்தறிந்து எழுதியிராவிடில், மொத்த எண்ணிக்கை பெருகியதைக் கண்டு அனைவரும் மகிழ்ந்தே இருப்பர். பின்னர்ச் சரணாலயப் பகுதிகளில் தூண்டிலிடுதல் நிறுத்தப்பட்டது. வனவிலங்குச் சட்டத்தின் நோக்கில் அது நியாயமாகலாம். ஆனால் அதனுடன் அக்கணக்கும் நின்றுபோயிற்று. அதற்கு ஈடாக வேறொரு கணக்கை ஏற்படுத்த வேண்டுவது அரசினரின் கடமை.

நதிக்கு நேர்ந்தது ஏரிக்கும் நேரும். பொழுதுபோக்கு ஏரிகளில் இன்று காணப்படும் மீன்களில் பல வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. வெள்ளக் காலத்தில் அவை கலிங்கு வழியே ஓடையையும் ஆற்றையும் அடைகின்றன. ஆகவே ஏரிக்கரையில் அமர்பவருக்கும் இனமறியும் பொறுப்பு உண்டு. அஃது அவ்வளவு அரிய கலையும் அன்று. பெருந்தலையும், மேல்நோக்கித் திறந்த வாயும், மீசையின்மையும் கட்லாவின் அடையாளங்கள். ரோகுவுக்கு வாய் சற்றுக் கீழ்நோக்கி, உதடுகள் ஓரம் கிழிந்தாற்போல் இருக்கும். இரண்டும் கங்கைச் சமவெளியின் குடிகள். இரு இணை மீசைகள் உள்ள சாதாக் கெண்டை அயல்நாட்டது. முதுகுச் செதிலில் வரிசையாக முட்கள் அமைந்த ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. பாம்பு போன்ற தலையும் நீண்ட முதுகுச் செதிலும் உடைய விரால் இம்மண்ணுக்கே உரியது. அதன் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியுங்கால் தாய்தந்தை மீன்கள் அடியில் காவல் நிற்கும். அக்காவலையே வாய்ப்பாகக் கொண்டு அவற்றைப் பிடிப்பவர், ஒரு மீனோடு ஒரு தலைமுறையையும் அழித்தவராவர். 2000-இல் மத்திய அரசு வளர்க்கத் தடை விதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தி தூண்டிலில் சிக்குமாயின், அதனைத் திரும்ப நீரில் விடுவது ஜீவகாருண்யம் ஆகாது.

இதனின்று செய்யவேண்டுவன இரண்டு. தூண்டில் உரிமச் சீட்டு வழங்கும் ஒவ்வோர் ஏரியிலும், அங்குள்ள மீன்களின் படங்களை உள்ளூர் மொழிப் பெயர்களுடன் பலகையில் எழுதி வைக்கவேண்டும். பிடித்த மீனின் இனம், நீளம், நாள் ஆகியவற்றைப் பதியும் ஏடு ஒன்றும் கரையில் இருத்தல் வேண்டும். மேலும், எந்த ஏரியிலும் குஞ்சு விடுமுன், அங்கு ஏற்கெனவே இருப்பவை யாவை என்று அறிந்து பதிவு செய்தல் கட்டாயமாதல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பமே. பதியாமையால் நேரும் இழப்புக்கோ ஈடில்லை.

120 பவுண்டு மீனைத் தந்த கபினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எடையைக் குறித்து வைத்த அக்கறையில் ஒரு சிறு பகுதி அதன் இனத்தைக் குறிப்பதிலும் செலவிடப்பட்டிருக்குமானால், அம்மீனின் வழித்தோன்றல்களை இன்று ஒதுக்குப்புற நீர்நிலைகளில் தேடித்திரிய நேர்ந்திராது.