துணைப்பாடம் வீண்பாடம் அல்ல

பாலினமும் பாலியல்பும் வாழ்ந்து அறிய வேண்டியவை, அவற்றைப் பல்கலைக்கழகத்தில் துணைப்பாடமாகப் படிப்பது வீண் என்கிறார்கள். வாழ்ந்தாலே அறிவு வந்துவிடும் என்றால், மருத்துவப் பாடநூல் எழுதியவர்களுக்கு ஏன் வரவில்லை? தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்த பிறகும் அந்நூல்கள் அதைப் பிறழ்வு என்றே சொல்லிக்கொண்டிருந்தன. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தன்பால் இணையர் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தம் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் கற்ற பின்பே விரிவான உத்தரவு பிறப்பித்தார். நீதிபதிக்குத் தேவைப்பட்ட பாடம் மாணவருக்கு எப்படி வீணாகும்?

வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். துணைப்பாடம் முதன்மைப் பாடத்தின் இடத்தைப் பறிப்பதில்லை, அதைக் கூர்மையாக்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் தவிர 'மற்றவர்' என்ற பிரிவு முதன்முறையாக இடம்பெற்றது. அதுவரை விடுபட்டவர்கள் யார் என்று புள்ளியியல் மாணவர் கேட்க வேண்டாமா? திருநங்கை நோயாளியை எப்படி நடத்துவது என்று மருத்துவர் கற்க வேண்டாமா? கற்காத மருத்துவரின் அறியாமைக்கு விலை கொடுப்பவர் நோயாளி. எனவே இந்தப் பாடத்தை நீக்கச் சொல்லாதீர்கள். எல்லாத் துறை மாணவர்களுக்கும் திறந்துவிடச் சொல்லுங்கள்.