எஞ்சின் ஒரு ஊர், சேஸிஸ் ஒரு ஊர்!

வில்லியனூர், பாகூர் பக்கம் எந்த டூவீலர் ஒர்க் ஷாப்பிலாவது நின்று 'ஆர்எக்ஸ் 100' என்று சொல்லிப் பாருங்கள். இருபது வயசுப் பையனுக்கும் ஐம்பது வயசு மாமாவுக்கும் ஒரே நேரத்தில் முகம் மலரும். 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன யமஹா அது. 98 சிசி, 11 குதிரைத் திறன். அவ்வளவுதான். ஆனால், மவுசு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அந்த வண்டி சீஸ் ஆகிவிட்டால்? போரிங், பிஸ்டன் என்று எல்லா வைத்தியமும் பார்த்து முடியாவிட்டால் மெக்கானிக் சொல்வது ஒன்றுதான்: "ஒன் தேர்ட்டி ஃபைவ் எஞ்சினை ஏத்திடலாம்ணே!"

ஆர்எக்ஸ் 135-ன் எஞ்சின், 132 சிசி. ஒரே குடும்பம் என்பதால் அதிகம் மல்லுக்கட்டாமல் பொருந்திவிடும். அன்று சாயங்காலமே வண்டி சீறும். அந்த நிமிடமே உரிமையாளர் சட்டப்படி குற்றவாளி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றது.

சரி, சட்டம் எதற்கு? உயிருக்கு. அதில் எனக்குச் சண்டையே இல்லை. நான் காமர்ஸ் படித்தவன், கணக்காகவே சொல்கிறேன். வேகம் 60-லிருந்து 80 ஆனால் மோதலின் ஆற்றல் முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். வேகம் வட்டி மாதிரி ஏறினால், விபத்து கூட்டுவட்டி மாதிரி ஏறும். பழைய சேஸிஸில் பெரிய எஞ்சினை உட்கார வைத்துவிட்டு, பிரேக்கையும் செயினையும் அப்படியே விட்டால், அந்தக் கடனை அடைப்பது வண்டிக்காரர் மட்டுமில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் தங்கச்சியும், ரோட்டைக் கடக்கும் பாட்டியும்தான்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பில் இல்லாமல் வாங்கிய எஞ்சின் யார் வீட்டு வாசலில் திருடு போன வண்டியிலிருந்து கழற்றியதோ? ஆர்.சி.யில் ஒரு நம்பர், எஞ்சினில் வேறு நம்பர் என்றால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

"அதான் தப்புன்னு சொல்லிட்டீங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

எஞ்சின் மாற்றுவதே பாவம் என்றால், 1950, 60-களில் இங்கிலாந்தில் நார்ட்டன் சேஸிஸில் ட்ரையம்ப் எஞ்சினை ஏற்றி 'ட்ரைட்டன்' என்று கொண்டாடினார்களே? வட இந்தியாவில் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினை மெக்கானிக்குகள் புல்லட்டில் மாட்டி ஓட்டினார்கள். 1990-களில் என்ஃபீல்டு கம்பெனியே 325 சிசி டீசல் புல்லட்டை விற்றது. ஷெட்டில் செய்தால் தப்பு, ஃபேக்டரியில் செய்தால் சாதனையா? இல்லை. ஃபேக்டரி வண்டி சோதனைக்குப் போய், பாஸாகி, ரோட்டுக்கு வருகிறது. ஷெட் வண்டி நேராக ரோட்டுக்கு வருகிறது. வித்தியாசம் அந்தச் சோதனைதான்.

அந்தச் சோதனையைத்தான் நம்ம ஆள் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்!

அதே 52-வது பிரிவைத் திரும்பப் படியுங்கள். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பேட்டரி மோட்டார் மாட்ட அதில் வழி இருக்கிறது. அங்கீகரித்த கிட் வாங்கி, முறைப்படி பொருத்தி, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். ஆக, வண்டியின் இதயத்தை மாற்றலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால், அதே கம்பெனி, அதே குடும்பம், 34 சிசி கூடுதல் என்றால் கதவு சாத்தியிருக்கிறது. இந்த எஞ்சினை ஏற்றிப் பால் கேன் தூக்குகிறவரும், மொபட் சேஸிஸில் ராட்சச எஞ்சினை வெல்டிங் வைத்து வீலிங் அடிக்கிறவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. இது நியாயமா?

கதவைச் சாத்தினால் என்ன ஆகிறது? மாற்றுவது நிற்பதில்லை, மறைப்பதுதான் வளர்கிறது. நம்பரை ராவுகிறார்கள். சந்து வழியாகப் போகிறார்கள். செக்கிங்கில் நிற்கிறவர் ஹெல்மெட்டைப் பார்க்கிறார், பிரேக்கைப் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். சட்டத்தைத் திருத்துவது மத்திய அரசின் வேலை. ஒரே தயாரிப்பாளர், குறிப்பிட்ட சிசி வரம்பு, எஞ்சினுக்கு பில் என்று மூன்று நிபந்தனை போடட்டும். அதன்பின் புதுச்சேரி போக்குவரத்துத் துறை மாதம் ஒரு நாள் கொம்யூனுக்கு வந்து பிரேக், செயின், புகை மூன்றையும் சோதிக்கட்டும். தேறினால் ஆர்.சி.யில் ஏற்றுங்கள். தேறாவிட்டால் அங்கேயே எஞ்சினை இறக்குங்கள். கட்டணமும் வாங்கிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வண்டிக்கு அதே மாடல் எஞ்சின் கிடைத்தால் பில்லோடு வாங்குங்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். பெரிய எஞ்சின் ஆசை இருந்தால் சட்டம் மாறும்வரை அடக்குங்கள். மாற்றச் சொல்லி உங்கள் எம்.பி.யிடம் சத்தம் போடுங்கள். சத்தம் சைலன்ஸரிலிருந்து மட்டும்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை!