விடத் தெரியாத குரங்கு

பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் வாழ்வோருக்குக் குரங்கின் சாமர்த்தியத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. போஞ்சிப் பாத்தியில் வெருளி நாட்டிய முதல் நாள் அது எட்ட நின்று பார்க்கும். சில நாட்களில் அதன் அருகிலேயே அமர்ந்து போஞ்சி தின்னும். கற்றதை இவ்வாறு மாற்றிக் கற்கும் திறன் மூளையில் எங்கே இருக்கிறது?

விஞ்ஞானிகள் இதனை எளிய முறையில் சோதித்தனர். குரங்கின் முன் இரு பொருள்களை வைப்பர். ஒன்றின் கீழ் மட்டும் கச்சான் பருப்பு இருக்கும். எதுவென்று குரங்கு விரைவில் அறிந்துகொள்ளும். பின்னர்ப் பருப்பை மற்றதன் கீழ் மாற்றிவிடுவர். நலமுள்ள குரங்கு சில முறை ஏமாந்தபின் புதிய பொருளை நாடும். கண்குழிக்கு மேலுள்ள மூளைப் பகுதி அகற்றப்பட்ட குரங்கோ, பழைய பொருளையே திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்கும். ஞாபகம் கெட்டுவிட்டதா எனில், இல்லை. முதற் பாடத்தை அது நன்றாகவே கற்றது. அதை விடத்தான் இயலவில்லை. (ஆஞ்சநேயரை வணங்கும் நமக்கு இச்சோதனைகள் நெஞ்சை உறுத்தவே செய்கின்றன.)

விடயம் இத்துடன் முடிந்திருந்தால் பாடப்புத்தகம் எழுதுவோருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நம் நாட்டுச் செங்குரங்குக்கு உறவான ரீசஸ் குரங்குகளில், அப்பகுதியின் உயிரணுக்களை மட்டும் மருந்தினால் அழித்து, ஊடே செல்லும் நரம்பு நார்களை விட்டுவைத்தனர். அக்குரங்குகள் மாற்றத்தை இயல்பாகவே கற்றன! முன்னைய சத்திரசிகிச்சைகளில் இந்நார்களும் அறுபட்டதே குறைக்குக் காரணமாகலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஐம்பது ஆண்டுக் கொள்கையொன்று இவ்வாறு ஆட்டங்கண்டது.

மனிதரிடமும் இக்குறை உண்டு. மொன்றியல் நகரில் பிரெண்டா மில்னர் 1963இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய்க்காக நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதி அகற்றப்பட்டோரிடம் சீட்டுகளை வகைப்படுத்தச் சொன்னார். முதலில் நிறம் பார்த்து வைத்தல் சரி; பின்பு, முன்னறிவிப்பின்றி, உருவம் பார்த்து வைத்தலே சரியாகும். “பிழை” என்று சொல்லக் கேட்ட பின்னும் பலர் நிறத்தையே பார்த்து வைத்தனர்.

மலைச்சரிவில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவர், காயம் ஆறி வீடு வந்தபின், பயன்படாத பழைய வழியிலேயே எதையும் செய்துகொண்டிருந்தால், “பிடிவாதம் பிடிக்கிறார்” என்று வீட்டார் சினப்பதுண்டு. நடையும் பேச்சும் சரியாக இருப்பதால் நோயென்று எவருக்கும் தோன்றுவதில்லை. கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோர் காயத்தின் தழும்பை மட்டும் காட்டித் திரும்பிவிடாமல், இந்த மாற்றத்தையும் அது எந்நாள் தொடங்கிற்று என்பதையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.