அறிந்து வைப்போம்: பேனாவை எடுக்க முன்னர் ஒரு கேள்வி



வீட்டு வாடகை, கைத்தொலைபேசி, தவணைக்குக் கார் என்று இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடத்திலேயே எத்தனையோ கடுதாசிகளில் கையெழுத்து வைக்கிறோம். "எல்லாரும் வைக்கிறதுதானே" என்று எங்களுக்கு நாங்களே சமாதானமும் சொல்லிக் கொள்கிறோம். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி அல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோய், தொழிற்சாலையில் வேலை செய்பவன். என்னோடு இரவு வேலை செய்துகொண்டே சட்டப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி ஒருவர், தேநீர் இடைவேளையில் இரண்டு பழைய வழக்குகளைச் சொன்னார்.

முதலாவது 1934 இல் தீர்ப்பானது. வேல்ஸில் லாண்டுட்னோ என்ற கடற்கரை ஊரில் தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு பெண், சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரத்தைத் தவணைக்கு வாங்கினார். பழுப்புக் கடுதாசியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளை வாசிக்காமலே ஒப்பமிட்டார். இயந்திரம் சில நாட்களிலேயே பழுதாகிவிட்டது. ஆனால் கடுதாசியில் எழுதாத எந்த உத்தரவாதமும் செல்லாது என்று அந்தப் பொடி எழுத்தில் இருந்தது. வழக்கில் அவர் தோற்றார். ஒப்பமிட்டால் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் கட்டுப்பட்டவரே என்றது நீதிமன்றம்.

இரண்டாவது 1951 இல். ஒரு பெண் தன் கலியாண உடுப்பைச் சலவைக்குக் கொடுத்தபோது ஒரு கடுதாசியை நீட்டினார்கள். "இதில் ஏன் ஒப்பமிட வேண்டும்?" என்று அவர் கேட்டார். உடுப்பில் உள்ள மணிகளுக்குச் சேதம் வந்தால் கடை பொறுப்பில்லை என்பதற்காக என்று கடைக்காரப் பெண் சொன்னார். உண்மையில் எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்றே அதில் இருந்தது. உடுப்பு கறையோடு திரும்பி வந்தது. கடை தவறான விளக்கம் கொடுத்ததால் அந்த நிபந்தனை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒப்பமிட்டிருந்தும் அவர் வென்றார்.

இரண்டு பேருமே கையெழுத்து வைத்தவர்கள்தான். ஒருவர் கேள்வி கேட்டார், மற்றவர் கேட்கவில்லை.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு வாங்கும் பொருள் தரமானதாக இருக்க வேண்டும் என்ற உரிமையை, 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி எந்தப் பொடி எழுத்தாலும் பறிக்க முடியாது. வாசலில் வந்து விற்பவரிடமோ தொலைபேசியிலோ வாங்கினால், பெரும்பாலும் 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் சொந்தக் கடைக்கென்று வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆங்கிலம் தெரியாது என்பதும் மட்டும் காரணமாகாது.

எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது பிணை. ஊரவர் ஒருவர் வாடகைக்கோ கடனுக்கோ பிணை நிற்கக் கேட்டால், மறுப்பதற்கு எங்களுக்கு முகம் வராது. வாயால் சொன்ன பிணைக்கு இந்த நாட்டில் வழக்கு வைக்க முடியாது. பிணை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1677 ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் கடுதாசியை நீட்டுகிறார்கள். ஒப்பமிட்ட பிறகு அவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும். எவ்வளவு தொகை வரை, எவ்வளவு காலத்துக்கு என்று முதலே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்பது நம்பிக்கையில்லாத்தனம் அல்ல. கேளாமல் நின்று பிறகு உறவு முறிவதை விட இது நல்லது.

பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்வதும் போதாது. அவர்களுக்கு ஆங்கிலம் ஓடும், சட்டம் ஓடாது. "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவசமாக விளக்கம் கேட்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோக விடாத கடுதாசி என்றால், அதில் கையெழுத்து வைக்காமல் வருவதே புத்தி.