பட்டாளத்துக்காரர் வீட்டுக் கணக்கை யார் எடுப்பது?

சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான்.

கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் நம்பரும். பக்கத்தில் ஒட்ட முடி வெட்டிய வாலிபர். லீவு முடிந்து எல்லைக்குத் திரும்புகிறார்.

வழியனுப்ப வந்த தாய் கண்ணைத் துடைக்கிறாள். "பத்திரமா இருப்பா" என்கிறார் தகப்பனார். பெட்டியில் இருக்கும் மற்றப் பயணிகள்கூட மரியாதையாக இடம் விடுகிறார்கள்.

இடுப்பில் குழந்தையோடு சற்றுத் தள்ளி நிற்கும் இளம்பெண்ணை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

ரயில் போய்விடும். அவள் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேருவாள். அப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் கேட்டார்கள். வாயால் கேட்டதோடு விடவில்லை. கணக்கு எடுத்துப் பார்த்தார்கள்.

2½ லட்சம் மனைவிமார்

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படை சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். தரைப்படை வீரர்களின் மனைவிமார் 2 லட்சத்து 50 ஆயிரத்து 626 பேருடைய வைத்தியப் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் புரட்டினார்கள். 2003 முதல் 2006 வரை அவர்கள் டாக்டரிடம் போய் வந்த பதிவுகள் அவை. முடிவு 2010-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ ஏட்டில் வெளியானது.

புருஷன் போர்முனைக்குப் போகாத வீடுகளில், 100 பெண்களில் 30 பேருக்குச் சற்று அதிகமானோரின் சீட்டில் ஏதாவது ஒரு மனக்கோளாறு எழுதப்பட்டிருந்தது. போன வீடுகளில் 100-க்குக் கிட்டத்தட்ட 37 பேர்.

"இவ்வளவுதானா வித்தியாசம்?" என்று கேட்பவர்கள் அடுத்த கணக்கையும் பார்க்கவேண்டும்.

புருஷன் 11 மாதம் வரை போர்முனையில் இருந்தால், மனச்சோர்வு நோய் 1,000 பெண்களில் 27 பேருக்குக் கூடுதலாக வந்திருக்கிறது. 11 மாதத்தைத் தாண்டினால் அதுவே 39. தூக்கம் கெட்டுப் போனவர்கள் முதல் வகையில் 12 பேர் கூடுதல். இரண்டாவது வகையில் ஏறக்குறைய 24. அதாவது இரண்டு மடங்கு!

பிரிவு ஒரு பாரம். அது நீண்டுகொண்டே போவது அதைவிடப் பெரிய பாரம். ஊரில் எந்தக் கிழவியும் சொல்லிவிடுவாள் இதை. ஆனால் கிழவி சொன்னால் சர்க்கார் கேட்காது. எண்ணிக்கை சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பிள்ளைக்கும் தெரிகிறது

அதே 2010-ல் குழந்தைகளைப் பற்றியும் ஆராய்ச்சி வெளியானது. 3 வயது முதல் 8 வயது வரையுள்ள 6 லட்சத்துக்கும் அதிகமான ராணுவக் குடும்பத்துக் குழந்தைகள். அப்பாவோ அம்மாவோ போர்முனையில் இருந்த மாதங்களில், மனக்கோளாறு, முரட்டுத்தனம் போன்ற காரணங்களுக்காக இவர்களை டாக்டரிடம் கொண்டுபோனது 11 சதவீதம் கூடியிருந்தது.

11 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த இன்னொரு ஆராய்ச்சியில், பிரிவு மாதங்கள் ஏற ஏறப் பிள்ளையின் தொல்லையும் ஏறியது. வீட்டில் இருக்கும் பெரியவர் மனம் தளர்ந்திருந்தால் பிள்ளையின் பாடு இன்னும் மோசம்.

ஆக, தாயைக் கவனிக்காமல் பிள்ளையை மட்டும் கவனிக்க முடியாது.

ஆள் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரூபன் ஹில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஐயோவா மாநிலத்தில் 135 குடும்பங்களை ஆராய்ந்து 1949-ல் புத்தகம் போட்டார். பிரிவதைத் தாங்குவது ஒரு சோதனை, மறுபடி சேர்ந்து வாழ்வது இன்னொரு சோதனை என்று அதில் தெரிந்தது. புருஷன் இல்லாத காலத்தில் வரவு செலவு, பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாவற்றையும் தானே பார்த்துப் பழகியவள் மனைவி. வந்து இறங்கினதும் "நான் சொல்றபடி கேளு" என்றால் எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பட்டாளத்துக்காரர் மனைவி என்றாலே நோயாளி என்று அர்த்தமல்ல. அமெரிக்கக் கணக்கிலேயே 100-க்கு 63 பேர் சீட்டில் அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலோர் சமாளிக்கிறார்கள். சமாளிக்க முடியாதவர்கள் யார், எந்த நேரத்தில் முடியாமல் போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் கணக்கு.

இங்கே எப்படி?

வேலூர் அருகே கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்! தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ கிராமங்களில் பையன்கள் விடியற்காலையில் ஓடிப் பழகுவது ஆள் எடுப்புக்காகத்தான்.

இந்திய ராணுவ வீரருக்கு வருஷத்தில் 60 நாள் லீவு. அதுபோக ஒரு மாத அளவுக்குத் தற்செயல் விடுப்பு. எல்லைப் பகுதியில் வேலை என்றால் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. மனைவி மாமியார் வீட்டிலோ தாய் வீட்டிலோதான் இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் எண்ண முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே ராணுவக் குடும்பத்தின் வைத்தியச் செலவு ஒரே திட்டத்தின் கீழ் வருகிறது. பதிவுகள் ஒரே இடத்தில் சேருகின்றன.

இங்கே ராணுவ ஆஸ்பத்திரி பரங்கிமலை, வெலிங்டன் போன்ற படை முகாம் உள்ள ஊர்களில்தான். கிராமத்தில் இருக்கும் பெண் அவ்வளவு தூரம் போவாளா? பக்கத்து டாக்டரிடம் போவாள். "தலைவலி, தூக்கம் வரல" என்பாள். மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார், எத்தனை மாதமாகிறது என்று யார் கேட்கிறார்கள்?

வாய்விட்டுச் சொல்லவும் பயம். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்ற பயம். "அவர் உத்தியோகத்துக்குக் கெடுதல் வந்திடுமோ?" என்ற பயம்.

ரகசியம் என்ன இருக்கிறது?

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமல்ல. ராணுவ வீரர்களின் மனைவியர் நலச் சங்கம் 1966 முதல் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் வைத்தியத் திட்டம் 2003-ல் வந்தது. மனநல ஆலோசனைக்காக 'டெலி மானஸ்' இலவச டெலிபோன் சேவை 2022-ல் தொடங்கியது, நம்பர் 14416. படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதன் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது.

எல்லாம் நல்ல காரியம். ஆனால் டெலிபோனை எடுத்துப் பேசத் துணிந்தவருக்குத்தான் அது உதவும். பேசத் துணியாதவரைத் தேடிப் போவது யார்?

"ராணுவ விஷயம், வெளியே சொல்லக் கூடாது" என்று அதிகாரிகள் தயங்கலாம். படை எங்கே நிற்கிறது என்பது ரகசியம்தான். ஒரு பெண்ணுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பது என்ன ராணுவ ரகசியம்? இரண்டு போர்கள் நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்கா இந்தக் கணக்கை ஊரறிய வெளியிட்டது. அதனால் அங்கே எந்தக் கோட்டையும் விழுந்துவிடவில்லை.

மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கிராமத்துக்குக் கிராமம் சுகாதார நர்ஸ் போகிறார். இந்த இரண்டு பேரும் சேர்ந்தாலே போதும். பணியில் இருக்கும் வீரர்களின் வீடுகளுக்குப் பெயர் குறிக்காமல் ஒரு கேள்வித்தாள்; வருஷத்துக்கு ஒரு முறை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படி, அவர் போய் எத்தனை மாதம்? விடைகளை மாவட்டவாரியாக வெளியிடட்டும். மாதங்கள் ஏறின வீடுகளுக்கு நர்ஸ் கேட்காமலே போய்ப் பார்க்கட்டும்.

இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். அது வேலூராகவே இருக்கட்டுமே!